உடைவிளையில் தங்கிவிட்ட குரல்

ஞானாபரணம் ஐயர் உடைவிளைச் சபையாருக்குக் கடைசியாகக் கைதூக்கி ஆசீர்வாதம் சொல்லி, ஆட்டுக்கறி அசன விருந்தில் அவர்களோடு பாய் விரித்துச் சாப்பிட்டு, வரிசையில் வந்த ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து, பீரோவும் கட்டிலும் ஏற்றிய வேனின் முன்சீட்டில் மனைவியோடு ஏறிப் போய்விட்ட பிறகும், அவருடைய குரல் மட்டும் கோயிலைவிட்டுப் போகவில்லை. மறுநாள் காலையில் கதவைத் திறந்த கோயில்பிள்ளை தவசிமுத்து, ஆளில்லாத பிரசங்க பீடத்திலிருந்து அந்தக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு காலை ஜெபத்தைத் தொடங்கியதைக் கேட்டார். "தோத்திரம் ஐயரே" என்று சொல்லிவிட்டு, விளக்குமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தார்.

அந்தக் கடற்கரைப் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் கூப்பிடுவார்கள். ஞானாபரணம் ஐயரின் மனைவி ரூபவதி அந்த வேனில் போனபோது கோபத்தில் வாயைத் திறக்காமல் போனாள். அவள் கோபத்துக்கு அன்றைக்கு முழுக்க வேலை இருந்தது. பிள்ளைகளைப்போல விம்மிய ஆண்களின் மேல் கோபம். தன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சேலை முந்தானையை நனைத்த மாதர் ஐக்கியத் தலைவி ஜெபக்கனி மேல் கோபம். கருப்பட்டிச் சிப்பம், ஓலைப்பாய், கால் கட்டிய சேவல், காய்ந்த நெத்திலி என்று வேனுக்குள் திணித்த கைகள்மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலே, பீடத்தில் நின்றுகொண்டு தேனொழுகும் அந்தக் குரலில், "எல்லாம் தேவசித்தம், பிள்ளைகளே. சந்தோஷமா அனுப்பி வையுங்க" என்று சொன்ன மனுஷன்மேல் கோபம்.

தேவசித்தம் எந்தக் காரில் வந்தது, எந்த நாற்காலியில் உட்கார்ந்தது, எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ குடித்தது என்பதெல்லாம் ரூபவதிக்குத் தெரியும். டீயைப் போட்டுக் கொடுத்ததே அவள்தான். திருச்சபை மேலிடத்தில் நிலக் கமிட்டியைக் கையில் வைத்திருந்த கனகராயர் ஒரு கூடை ஆப்பிளோடு வந்து, கோயிலுக்குப் பின்னாலிருந்த நிலத்தை, கல்லறைத் தோட்டத்தையும் அதை ஒட்டிய நல்ல தண்ணீர்க் கிணற்றையும் சேர்த்து, இறால் பண்ணைக்குக் குத்தகை விட ஐயருடைய சம்மதம் வேண்டும் என்றார். ஐயர் தர முடியாது என்றார். எப்போதும்போல மெதுவாகச் சொன்னார். எவ்வளவு மெதுவாக என்றால், அவர் யோசிக்க நேரம் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு கனகராயர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். இரண்டாவது முறை வந்தபோதுதான் அது மறுப்பு என்று அவருக்கு விளங்கியது. பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும் நடுவருஷத்தில் எந்தப் பாதிரியாரையும் மாற்றமாட்டார்கள். இவரை மாற்றினார்கள். வெயிலைத் தவிர எதுவும் தெரியாத மனிதரை மேகத்துக்குள் கிடக்கும் கரடிமட்டம் என்ற தேயிலைத் தோட்டத்துச் சபைக்கு.

"பீடத்தில ஏறி இதைச் சொல்லுங்க" என்றாள் ரூபவதி, மாற்றல் உத்தரவு வந்த ராத்திரி.

"சொன்னா சபை ரெண்டாப் பிளந்துரும் ரூபி. கனகராயருக்கு இங்கயும் சொந்தக்காரங்க இருக்காங்க. இவங்க பாவம், இவங்களுக்குச் சண்டை போடத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆகாது.

"நீயும் சொல்லக் கூடாது. எனக்கு வாக்குக் கொடு."

"சொல்லமாட்டேன். அதோட, மலைக்குப் போய்ச் சேர்றவரைக்கும் உங்ககிட்டயும் பேசமாட்டேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள். அதனால்தான் வேன் தேரிமணலைத் தாண்டி, பனங்காட்டைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, வளைந்து வளைந்து மலையேறுகிறவரைக்கும் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் குரல் இல்லை என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று. அவர் துக்கத்தில் பேசாமல் வருகிறார் என்று அவள் நினைத்தாள், அவள் கோபத்தில் கேட்கவில்லை என்று அவர் நினைத்தார். கரடிமட்டத்தில் சாமானை இறக்கி, போர்வையைத் தேடி எடுத்து, "காபி போடவா?" என்று அவள் முதல் வார்த்தை பேசியபோது, அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது, தொண்டைமுடிச்சு ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. தண்ணீரில்லாத குழாயைத் திருகினால் வருகிற காற்றுகூட வரவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். கரடிமட்டத்துச் சபையார் பெருந்தன்மையான ஜனங்கள். வந்த பாதிரியார் ஊமை என்று மேலிடத்துக்கு எழுதிப் போடாமல், உபதேசியாரை ஜெபம் வாசிக்க வைத்தார்கள். ஐயர் பக்கத்தில் நின்று வாயசைத்தார், ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கினார். பிரசங்கம் இல்லாததால் ஆராதனை சீக்கிரம் முடிந்தது, எல்லாரும் மேகம் இறங்குவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், முந்தைய ஐயரைவிட இவர் நல்லவர் என்று பேசிக்கொண்டார்கள். ரூபவதி மிளகுக் கஷாயம் வைத்தாள், சித்தரத்தையை இடித்துத் தேனில் குழைத்தாள், அவருக்குத் தெரியாமல் அழுதாள், தெரிகிற மாதிரி சட்டிகளைப் போட்டு உருட்டினாள்.

அங்கே உடைவிளையில் குரலுக்கு எல்லா வசதியும் நடந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்துக்குள் அது ஊரின் நடைமுறையாகிவிட்டது. காலை ஜெபத்துக்குப் பிறகு குரலுக்குத் தொண்டை வறளும் என்று பீடத்தின்மேல் ஒரு செம்பு சீரகத் தண்ணீர் வைத்தார்கள், மாலைக்குள் அது குறைந்திருந்தது. புழுக்கத்துக்கு மின்விசிறியைப் பீடத்தின் பக்கம் திருப்பி வைத்தார்கள். பிறந்த குழந்தைகளைக் கொண்டுவந்து காட்டிப் பேர் கேட்டார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் பீடத்துக்குக் கீழே தலையைக் குனிந்து நின்று, ஜெபம் விழுகிற சூட்டை உச்சந்தலையில் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். படுக்கையில் கிடந்தவர்களுக்காக வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குரலைக் கொஞ்சம் உரக்கப் பேசச் சொன்னார்கள், அதுவும் பேசியது. சத்தம் வெளியே கேட்டாலும் கோயில் சுவரைத் தாண்டி அதனால் எழுந்து வர முடியாதென்று தெரிந்தபோது கல்யாண விருந்தையே கோயிலுக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார்கள். மேலிடத்திலிருந்து வேறு ஐயரை அனுப்பவில்லையே என்று யாரும் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்து அப்பம் கொடுக்க வந்த பக்கத்து ஊர் ஐயர், தான் வாயைத் திறக்குமுன் பீடத்திலிருந்து கேட்ட ஜெபத்தைக் கேட்டுவிட்டு, இங்கே இப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணி ஜெபத்தைக் கூடவே சொல்லிவிட்டுப் போனார்.

மழை பிடிக்கிற ஒரு பகலில் ஜெபக்கனி கோயிலிலிருந்து ரூபவதிக்குப் போன் செய்தாள். இருமல் எப்படி, குளிர் எப்படி, அங்கே மீன் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "ஜெபக்கனி, மேற்கு ஜன்னலைச் சாத்து தாயே, சாரல் அடிக்குது" என்றது.

ரூபவதி போனைக் காதிலிருந்து எடுத்து, அதைப் பார்த்து, மறுபடி காதில் வைத்தாள். அவள் கண்ணெதிரே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஐயர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"அங்க யாரு பேசுறது?"

"நம்ம ஐயருதாம்மா."

"எத்தனை நாளா?"

"நீங்க போனதிலேயிருந்தே இருக்காவ." ஜெபக்கனியின் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஆளுதான் போயிட்டாவ, குரலையாவது ஆண்டவர் விட்டு வச்சாரேன்னு மனசைத் தேத்திக்கிட்டோம்."

"இங்க ஒரு மனுஷன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருக்கார், ஜெபக்கனி. ஊமைன்னு பேரு வாங்கிட்டார். தெரியுமா?"

அந்தப் பக்கத்தில் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு ஜெபக்கனி மெதுவாக, "எங்களுக்கு யாரும்மா இருக்கா?" என்றாள்.

ரூபவதி அன்றைக்கே புறப்பட்டாள். ஐயரையும் கிளம்பச் சொன்னாள். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார், ஒரு கையை நெஞ்சில் வைத்து இன்னொரு கையால் கீழே சமவெளி இருக்கும் திசையைக் காட்டி, இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுபோலச் சிரித்தார். திருடியவர்களுக்குப் போர்வையையும் சேர்த்துக் கொடுக்கிற அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள்.

உடைவிளையில் அவளை இறக்கிவிட்ட பஸ் திரும்புவதற்குள் சனம் கூடிவிட்டது. பையை ஒருத்தி வாங்கினாள், குடையை ஒருத்தி பிடித்தாள். சாளை மீன் குழம்பு வாசனை வந்தது. "மெலிஞ்சிட்டியளேம்மா" என்று கன்னத்தைத் தடவினார்கள். அவள் யாரிடமும் நிற்காமல் கோயிலுக்குள் போய், பீடத்துக்கு எதிரே, பெண்கள் பக்கத்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சபையார் செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலிலும் ஜன்னலிலும் நின்றார்கள்.

"வந்திட்டியா ரூபி" என்றது குரல். "பஸ்ல உட்கார இடம் கிடைச்சுதா?"

கல்யாணமான முதல் மாசத்திலிருந்து கேட்டுவந்த குரல். அதைக் கேட்காமல் அவள் காது எவ்வளவு காய்ந்துபோயிருந்தது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் வந்தது கொஞ்சுவதற்கு அல்ல.

"கிளம்புங்க" என்றாள்.

"வரமாட்டேன்."

ஜன்னலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரூபவதி எழுந்து நின்றாள். அந்தக் குரல் யாரிடமும், எப்போதும், மாட்டேன் என்ற வார்த்தையை இப்படி முழுசாகச் சொன்னதில்லை.

"ஏன் வரமாட்டீங்க?"

"கேட்டியே" என்றது குரல். "நீயாவது கேட்டியே. இத்தனை மாசமா இவங்க எங்கிட்டப் பேர் கேட்டாங்க, மழை கேட்டாங்க, பரீட்சையில பாஸ் கேட்டாங்க. ஏன் போனீருன்னு ஒருத்தர் கேட்கலை."

பிறகு அது பேசியது. முதலில் அந்தப் பழைய இதமான சத்தத்தில்தான் தொடங்கியது, கனகராயர் கொண்டுவந்த ஆப்பிளில் தொடங்கி, கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு வந்து, இறால் குளத்து உப்பு அந்தக் கிணற்றில் இறங்கினால் குடங்களைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கு நடப்பீர்கள் என்று கேட்டு, அங்கிருந்து மேலேறி, ஓடு அதிரும்படி மேலேறி, தொங்கவிட்டிருந்த விளக்குகள் ஆட, பீடத்துச் செம்பிலிருந்த தண்ணீர் வட்டம் வட்டமாக அலையடிக்க, அது கத்தியது. "அது தேவசித்தம் இல்லை! ஒரு மனுஷனோட ஆசை! அதை என் வாயாலேயே தேவசித்தம்னு சொல்ல வச்சான். நான் சொன்னேன். நீங்க அழுதீங்க. ஆட்டை அறுத்தீங்க. எனக்கு முன்னால இருந்தவரையும் இப்படித்தான் தூக்கியடிச்சாங்க, அவருக்கும் ஆட்டை அறுத்தீங்க. இனி வரப்போறவனுக்கு இப்பவே ஒரு குட்டியை வளர்த்துக்கிட்டு இருப்பீங்க. அன்பு, அன்பு, அன்பு! ஒருத்தனை வெளியே தள்ளும்போது அவன் கையில கருப்பட்டியைக் கொடுக்கிறது என்ன அன்பு?"

வாசலில் நின்ற தவசிமுத்து பிடித்திருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டார். ஜெபக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழலாமா கூடாதா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அன்றோடு அந்தக் குரலில் இருந்த தேன் போயிற்று. அது காலை ஜெபத்தில் கோபப்பட்டது, மாலை ஜெபத்தில் கோபப்பட்டது, குழந்தைக்குப் பேர் கேட்டு வந்தவளிடம், "பேர் இருக்கட்டும், இந்தப் பிள்ளை எந்தத் தண்ணியைக் குடிக்கும்?" என்று கேட்டது. சபையார் சுருங்கிப்போனார்கள். காலையில் வருகிறவர்கள் குறைந்தார்கள். தவசிமுத்து முன்னைவிட வேகமாகப் பெருக்கிவிட்டு ஓடினார். கனகராயருக்குச் சொந்தக்காரர்களான இரண்டு வீட்டார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஆராதனைக்கு வந்தார்கள். மற்றவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கையைப் பிசைந்துகொண்டு, பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டு, எவ்வளவு சாதுவான மனுஷன், இப்படி ஆகிவிட்டாரே என்று வருத்தப்பட்டார்கள். அந்தச் சொற்களில் எது பொய் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பூட்டிக் கிடந்த ஐயர் வீட்டைத் திறந்து அங்கே தங்கியிருந்த ரூபவதியிடம் ஒருநாள் ஜெபக்கனி வந்தாள். கையில் மூடிபோட்ட பனையோலைப் பெட்டி, உள்ளே மெத்தென்று பழைய சேலைத் துணி மடித்து விரித்திருந்தது.

"இது என்னத்துக்கு?"

"ஐயரை இதில வச்சு, பதனமாக் கொண்டுபோயிருங்கம்மா." ஜெபக்கனி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாங்க அவியளை வச்சிருந்தது தப்புதான். நீங்க சொன்னதும் உறைச்சிட்டு. கூட்டிட்டுப் போயிருங்க."

ரூபவதி அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குத்தான் அவள் மலையிலிருந்து வந்தாள். அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டால், அடுத்த பஸ்ஸில் ஏறினால், நாளைக்கு அந்தக் குளிர்ந்த வீட்டில் அவள் புருஷன் வாய்திறந்து அவள் பேரைச் சொல்வார். கை தானாக நீண்டது. ஆனால் மூடியின் முடைப்பில் விரல் பட்டதும் அவள் பெட்டியைத் திருப்பித் தள்ளினாள்.

"இனிக்கிறப்ப உங்களுக்கு. கசந்தா எனக்கா?" என்றாள். "கொண்டு போகமாட்டேன். இருந்து கேளுங்க. நான் கல்யாணமானதிலிருந்து இதைக் கேட்கக் காத்துக்கிட்டு இருந்தேன், நீங்க ஒரு மாசம் கேட்க முடியாதா?"

ஜெபக்கனி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். கோபித்துக்கொண்டு போனாள் என்றுதான் ரூபவதி நினைத்தாள். ஆனால் அவள் கல்லறைத் தோட்டத்து வழியாக வீட்டுக்குப் போகும்போது, அவளுடைய புருஷன் கல்லறையின் தலைமாட்டில் யாரோ நிலத்தை அளந்து சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சி ஒன்றை அடித்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒன்று, புன்னை மரத்தடியில் ஒன்று, கிணற்று ஓரத்தில் ஒன்று. ஜெபக்கனி பெட்டியைக் கீழே வைத்தாள். முளைக்குச்சியைப் பிடித்து ஆட்டினாள். அது வரவில்லை. மண்ணைக் கையால் தோண்டினாள். குச்சியைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டாள். அடுத்ததையும் பிடுங்கிப் போட்டாள். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கோயிலுக்குள் வந்து பீடத்துக்கு முன்னால் கொட்டிவிட்டு, மண்ணோடு இருந்த கையைச் சேலையில்கூடத் துடைக்காமல், "ஐயரே, இன்னொருக்கச் சொல்லும். முதல்ல இருந்து சொல்லும்" என்றாள்.

குரல் முதலிலிருந்து சொன்னது. அன்று மாலை கோயில் நிறைந்திருந்தது.

கோபப்படத் தெரியாத ஜனங்கள் கோபப்படக் கற்றுக்கொள்வது பார்ப்பதற்கு அழகாக இருக்காது. அவர்களுக்கு அளவு தெரியவில்லை. முதலில் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். பழைய வேலித் தகராறெல்லாம் வெளியே வந்தது. ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்தினார்கள். தவசிமுத்து மணியை நேரம் கெட்ட நேரத்தில் அடித்தார். கனகராயரின் சொந்தக்காரர் ஒருவர் காதுப் பஞ்சை எடுத்து எறிந்துவிட்டு, தன் தாயும் அங்கேதான் கிடக்கிறாள் என்று நடுக்கோயிலில் நின்று கத்தினார். யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக் கத்தினார். குரல் அவர்களோடு கத்தியது, அவர்களுக்கு வார்த்தை கிடைக்காத இடத்தில் வார்த்தை எடுத்துக் கொடுத்தது. ரூபவதிக்கு மட்டும் கேட்டது, அது கம்மத் தொடங்கியிருந்தது. உயர்ந்த இடங்களில் கீறல் விட்டது. சில சொற்களின் வால் வெளியே வரவில்லை.

அவள் மிளகைத் தட்டிப்போட்டு வெந்நீர் கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்தாள்.

"போதும். இவங்களுக்குக் கோபம் வந்திடுச்சு. என்கூட வாங்க. அங்க அவர் தனியா இருக்கார்."

"மீதி கொஞ்சந்தான் இருக்கு ரூபி" என்றது குரல். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி இருந்தது அது. "அதைக் கொண்டுபோனா அவர் என்ன செய்வார்னு உனக்குத் தெரியும். ஆறுதல் சொல்லியே தீர்த்துருவார்."

"தீர்க்கட்டுமே! எனக்கு ஒரு வார்த்தை சொல்லட்டுமே! எனக்குன்னு ஒண்ணும் வேண்டாமா?"

அந்த நேரத்தில் வெளியே மண் அள்ளும் இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டு தேரி மணல்மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்டது.

கனகராயர் தன் காரில் பின்னாலேயே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகத்தில் பொறுமை. கல்லறைத் தோட்டத்து வாசலில் சபையார் நின்றதைப் பார்த்து அவர் சங்கடப்படவில்லை. நல்ல ஜனங்கள் என்று அவருக்குத் தெரியும். "எல்லாம் உங்க நன்மைக்குத்தான். கல்லறைகளை மரியாதையா வேற இடத்துக்கு மாத்திக் கொடுப்போம். ஒரு ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிக்கலாம்" என்று கண்ணை மூடினார்.

ரூபவதி கோயிலுக்குள் தனியாக நின்றாள். பீடத்தில் மிளகுத் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் சாரலுக்காகச் சாத்தியிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள், பீடத்தைப் பார்த்தாள், கேட்க யாருமில்லாத அந்த இடத்தில், அவளுக்குத் தெரிந்த மிக மோசமான வசவைச் சொன்னாள். அது யாருக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு மேற்கு ஜன்னலின் கொண்டியைத் தட்டித் திறந்தாள். அடுத்ததைத் திறந்தாள். துருப்பிடித்து அசையாத ஒன்றை விளக்குத்தண்டால் அடித்துத் திறந்தாள். கதவுகள் எல்லாவற்றையும் அகலத் தள்ளினாள். "போங்க. சொல்லுங்க" என்றாள்.

குரல் போயிற்று. சுவரைத் தாண்ட முடியாது என்று எல்லாரும் நம்பியிருந்த குரல் திறந்த ஜன்னல்கள் வழியாக ஒரே நேரத்தில் வெளியே பாய்ந்து, புன்னை மரங்களிலிருந்த காகங்களைக் கிளப்பி, கல்லறைச் சிலுவைகளுக்கு நடுவே உருண்டு, கண்மூடி நின்ற கனகராயரின் முகத்துக்கு நேரே, "மாட்டேன்" என்றது. இந்த முறை யாருக்கும் அது நேரம் கேட்பதுபோலத் தோன்றவில்லை. அவர் கண்ணைத் திறந்தபோது அவர் சட்டையில் செம்மண் படிந்திருந்தது. குரல் மறுபடி சொன்னது, கீறிக்கொண்டு சொன்னது, மூன்றாவது முறை சொல்லத் தொடங்கியபோது அதற்குள்ளேயே ஜெபக்கனியின் சத்தமும் தவசிமுத்துவின் சத்தமும் காதில் பஞ்சு வைத்திருந்தவரின் சத்தமும் பெண்கள் பிள்ளைகள் எல்லாருடைய சத்தமும் ஏறிக்கொண்டன, மாட்டோம் மாட்டோம் என்று, ராகமில்லாமல், தாளமில்லாமல், அந்தச் சபை அதுவரை பாடிய எந்தப் பாட்டையும்விட உரக்க. இயந்திரத்தை ஓட்டிவந்தவர் கீழே குதித்து, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கல்லறைகளை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி ரோட்டுக்கு நடந்துபோனார். கனகராயர் ஏதோ சொன்னார். அவர் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. மேலிடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கார் போயிற்று.

அவர்கள் ஓய்ந்து, மூச்சு வாங்கி, ஒருவரை ஒருவர் வெட்கத்தோடு பார்த்துச் சிரித்த பிறகுதான் கோயிலுக்குள்ளிருந்து ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்தது. உள்ளே ரூபவதி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மிளகுத் தண்ணீர் அப்படியே இருந்தது. காத்திருந்தார்கள். தவசிமுத்து, "தோத்திரம் ஐயரே" என்று சொல்லிப் பார்த்தார்.

குரல் தீர்ந்துபோயிற்று என்று விளங்கியதும், தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள், அழ ஆரம்பித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் குரலுக்கு ஒரு கல் நாட்ட வேண்டும் என்றார் ஒருவர். ஒரு அசனம் போட வேண்டும் என்றார் இன்னொருவர். யாரிடம் ஆடு இருக்கிறது என்ற பேச்சு வந்தது.

"ஆட்டை அறுத்தீங்கன்னா, அந்தக் கத்தியை வாங்கி நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது" என்றாள் ரூபவதி.

அழுகை நின்றது. ஜெபக்கனிதான் முதலில் முகத்தைத் துடைத்தாள். "வேனைச் சொல்லுங்க. மேலிடத்துக்குப் போவோம். எல்லாரும் போவோம்" என்றாள். மறுநாள் போனார்கள். சோற்றுப் பொட்டலத்தோடு போய், மேலிடத்து வராந்தாவில் உட்கார்ந்து, உள்ளேயிருந்தவர்கள் ஜன்னலைச் சாத்தினால் அந்த ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார்கள். குத்தகைப் பேச்சை மேலிடம் கைவிட்டது. கனகராயரை ஒன்றும் செய்யவில்லை. ஐயரின் மாற்றலையும் ரத்து செய்யவில்லை. அதற்காக அவர்கள் மறுபடி போகப்போவதாகச் சொன்னார்கள், போனார்கள், இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ரூபவதி கருப்பட்டியோ நெத்திலியோ வாங்கிக்கொள்ளாமல் பஸ் ஏறினாள். யாரையும் அவள் மன்னிக்கவில்லை. ஆனால் பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஜெபக்கனியின் கையைப் பிடித்தாள். அந்தக் கையின் நகக்கண்ணில் இன்னும் கல்லறை மண் இருந்தது.

கரடிமட்டத்து பஸ் நிறுத்தத்தில் ஐயர் கம்பளியோடு நின்றார். அவள் வெறுங்கையோடு இறங்கியதைப் பார்த்ததும், பரவாயில்லை என்பதுபோலத் தலையை அசைத்துச் சிரிக்கப் போனார்.

"சிரிக்காதீங்க" என்றாள் ரூபவதி.

நிறுத்தத்து டீக்கடையில் அவரை உட்கார வைத்தாள், இரண்டு டீ சொன்னாள், வந்த டீயைத் தொடாமல், நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் சத்தம் உயர்ந்தது. குரல் சொன்னதை அவள் தன் வார்த்தையில் சொல்லவில்லை, அது சொன்ன மாதிரியே சொன்னாள், ஆப்பிளில் தொடங்கி, கிணற்றுக்கு வந்து, அன்பு அன்பு அன்பு என்று அது ஏறிய இடத்தில் அவளும் ஏறி, தேயிலை மூட்டை இறக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க, டீ மாஸ்டர் பாய்லரை அணைத்துவிட்டுக் கேட்க, சொன்னாள். "அது உங்க சத்தம்! அவ்வளவு கோபம் உங்களுக்குள்ள இருந்திருக்கு. எனக்குத் தெரியாம எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? அவங்களுக்கு அதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் கொடுத்தீங்க. எனக்குக் கொடுத்தீங்களா? ஒருநாள் எங்கிட்ட ஒரு அதட்டல் போட்டிருக்கீங்களா? எனக்கு நீங்க கொடுத்தது முழுக்க இந்தச் சிரிப்பு. ஊமையாப் போயிட்டீங்க, சந்தோஷமா? இனி எப்பவும் வராது. புரியுதா? அந்தக் கனகராயன் காரில ஏறிப் போயிட்டான், அவன் வாய் அவன்கிட்ட இருக்கு!"

ஐயர் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு முகத்தில் நிற்க இடமில்லாமல் முதலில் ஓரத்துக்கு ஒதுங்கியது, பிறகு போய்விட்டது. காது சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கனகராயன் என்ற பேர் வந்தபோது அவர் வாய் திறந்து, ஒன்றும் வராமல் திறந்தபடியே இருந்து, மூடிக்கொண்டது. கம்பளிக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. ஆசீர்வாதத்துக்குத் தவிர வேறெதற்கும் உயராத அந்தக் கை உயர்ந்து, முஷ்டியாகி, மேஜைமேல் இறங்கியது. பலகை வெடித்ததுபோலச் சத்தம் கேட்டது. இரண்டு கிளாஸும் துள்ளி விழுந்து உடைந்தன. டீ அவர் வேட்டியெல்லாம் வழிந்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அந்த முஷ்டியைப் பார்த்தார், பிறகு இன்னொருமுறை ஓங்கி அடித்தார்.

ரூபவதி கண்ணாடிச் சில்லுகளைக் கையால் ஒதுக்கினாள்.

"மாஸ்டர், இன்னும் ரெண்டு டீ போடுங்க" என்றாள். "ஸ்ட்ராங்கா."